ஏழாம் டப்பா

ஆவணி 3, திங்கள்

பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன். மாடிக்குப் பத்தொன்பது படி. வந்ததும் எண்ணிவிட்டேன், நாளை முதல் அதில் ஏறி இறங்கப்போவது நான்தான்.

மருமகள் முத்துச்செல்விக்கு வலது கணுக்கால் முறிந்து மாவுக்கட்டு. எறும்புப் புற்றைத் தோண்டப் போய்ப் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். முப்பத்தெட்டு வயதில், பத்து வயதுப் பிள்ளை வெண்பாவை வைத்துக்கொண்டு, எறும்பைப் பற்றிப் பெரிய படிப்புப் படிக்கிறாள். எறும்பு டப்பாக்கள் மாடி அறையில் இருக்கின்றன. அவளால் ஏற முடியாது. மகன் சண்முகவேலுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, ஞாயிறு மட்டும் வருவான். "அம்மா, நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று போனில் கெஞ்சினான். அவனுக்காக வந்தேன். அவளுக்காக இல்லை.

இந்த வீட்டுப் பால்காய்ப்பு அன்று முதல் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்த என்னை, "அத்தே, அடுத்த பந்தில உக்காருங்க, எங்க சித்தப்பா பஸ்ஸுக்குப் போணும்" என்று எழுப்பிவிட்டவள் அவள். எட்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசி இருபத்தேழு, வியாழக்கிழமை. இரண்டாம் பந்தியில் அவியல் தீர்ந்துவிட்டது.

இந்த நோட்டு செல்வி கொடுத்தது. முன்பக்கம் கட்டம் போட்டுத் தினமும் எறும்புக் கணக்கு எழுத வேண்டும். பின்பக்கம் வெறுமனே கிடக்கிறது. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஆவணி 5, புதன்

எல்லாம் கட்டெறும்பு. பன்னிரண்டு டப்பா, ஒவ்வொன்றிலும் நூறு. ஓரத்தில் வழுக்குகிற பவுடர் தடவியிருக்கிறது, ஏறி வர முடியாது. பாதி டப்பாவைச் சிவப்புத் தாள் மூடியிருக்கிறது. எறும்புக்குச் சிவப்பு தெரியாதாம், அதனால் இருட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதன் பாட்டுக்கு வேலை செய்யுமாம். நாம் தாளுக்கு மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். மாமியார் வீடு மாதிரி.

ஒன்று முதல் ஆறுவரை வெறும் எறும்பு. ஏழு முதல் பன்னிரண்டுவரை எறும்போடு புழுக்களும் உண்டு. எறும்பின் பிள்ளைகள். அரிசி நொய் மாதிரி வெள்ளையாகக் கிடக்கின்றன.

செல்வி கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் பேச, நான் மாடியில் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு செய்தேன்.

"அத்தே, எறும்புக்கு ரெண்டு வயிறு, தெரியுமா?"

"எனக்கு ஒண்ணுக்கே வழியில்லாம இருந்திச்சு. அதுக்கு ரெண்டா?"

"ஒண்ணு அதுக்கு, இன்னொண்ணு ஊருக்கு. ஊரு வயித்துல கெடக்கத அது சீரணம் பண்ணாது. பசிச்சவ வந்து மீசையால தட்டுனா வாயோட வாய் வச்சுக் குடுத்துரும்."

"தட்டாட்டா?"

"கேட்டாத்தான அத்தே குடுக்க முடியும்?"

காய்ந்த பஞ்சுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு இறங்கினேன்.

ஆவணி 6, வியாழன்

நேற்றுவரை எறும்புகளுக்குச் சர்க்கரைத் தண்ணீரும் முட்டையும் கொடுத்து நன்றாகத் தேற்றி வைத்திருக்கிறார்கள். இன்று முதல் முப்பது நாள் எதுவும் கிடையாது. தண்ணீர் மட்டும். தினமும் காலையில் செத்ததை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டு, எந்த டப்பாவில் எத்தனை என்று எழுத வேண்டும்.

"பட்டினி போட்டு எத்தன நாள் உசுரோட கெடக்கும்னு பாக்கதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டேன்.

செல்விக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒடம்புல சேத்து வச்சத அது யாருக்குச் செலவழிக்குன்னு பாக்கேன் அத்தே. தனக்கா, புழுவுக்கா? கொழுப்பக் கரைச்சுத் தலைக்குள்ள பால் மாதிரி ஒண்ணு ஊற வச்சுப் புழுவுக்கு ஊட்டும். எதுவும் வராதப்போ அந்தப் பால எதுவரைக்கும் குடுக்கும்னு யாரும் நம்மூரு எறும்புல பாத்ததில்ல."

புரட்டாசி ஒன்பதாம் தேதி கல்லூரியில் ஐந்து பெரியவர்கள் முன்னால் நின்று இதை அவள் சொல்ல வேண்டும். வெண்பா பிறந்தபோது ஒரு தடவை, சண்முகவேலுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஒரு தடவை என்று இரண்டு முறை நாள் கேட்டு வாங்கிவிட்டாளாம். இதற்கு மேல் தர மாட்டோம் என்று கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தடவை விட்டால் பதினோரு வருஷப் படிப்பும் போச்சு.

காலையில் வழக்கம்போல வாசலில் அரிசி மாவுக் கோலம் போட்டேன். எறும்பு தின்னட்டும் என்றுதானே அரிசி மாவு. கீழே எறும்புக்கு மாவு, மேலே எறும்புக்குப் பட்டினி. இரண்டையும் ஒரே கை செய்கிறது.

ஆவணி 7, வெள்ளி

சாவு இல்லை. முழங்கால் வலி.

ஆவணி 10, திங்கள்

நான்கு செத்தன. எல்லாம் ஒல்லி.

செல்வியைக் குளிக்க வைத்தேன். மாவுக்கட்டில் பிளாஸ்டிக் பை கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து ஊற்ற வேண்டும். முதுகு தேய்க்கும்போது கூச்சப்பட்டாள். எனக்கும்தான். பதிமூன்று வருஷ மருமகள், முதுகை இன்றுதான் பார்க்கிறேன். எலும்பு எண்ணலாம்.

எறும்பு நிறைந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். வயிறு கறுப்புத் தகடு தகடாக அடுக்கியிருக்கும். உள்ளே கொழுப்பு இருந்தால் தகடுகள் விலகி, நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை தெரியும். கரையக் கரையத் தகடு ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னதாகிவிடும்.

"வெளிய அலையற கெழடுகளுக்கு ஒடம்புல ஒண்ணும் இருக்காது அத்தே. உள்ள இருக்க எளசுகதான் கொழுகொழுன்னு இருக்கும். கெழடு எல்லாத்தையும் குடுத்து முடிச்சிட்டுத்தான் வெளிய வரும்."

என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். குறித்து வைத்திருக்கிறேன்.

ஆவணி 13, வியாழன்

செல்வி இரண்டு இட்லிக்கு மேல் தின்ன மாட்டேன் என்கிறாள். எலும்பு ஒட்ட வேண்டாமா? முருங்கைக்கீரை, கறுப்பு உளுந்தங்களி, நெத்திலிக் கருவாடு எல்லாம் செய்து தருகிறேன். "எதுக்கு அத்தே இவ்வளவு?" என்கிறாள்.

எதற்கா? பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளுக்கு ஒரு வேளைச் சோறு, அதுவும் ஒரு அகப்பை, பூண்டு நாலு பல், தண்ணீர் தொண்டை நனைய மட்டும் என்று பத்தியம் போட்ட வீட்டில் வாழ்ந்தவள் நான். ஐம்பத்து நாலு வருஷம் ஆயிற்று. எனக்கு அம்மா இல்லை, அதனால் தலைப்பிள்ளையைப் புருஷன் வீட்டிலேயே பெற்றேன். அது மழை இல்லாத வருஷம். மாமியார் அரிசிப் பானைக்கு மேல் கல்லை வைத்திருந்தாள்.

என் ஓரகத்தி பேச்சியக்கா எனக்கு ஒரு மாதம் முன்னால் பெற்றாள், ஆண் பிள்ளை. அவளுக்குப் பத்தியம் முடிந்து முழுச்சோறு. அதே அடுப்படியில் அவள் தின்பாள், நான் உள்ளறையில் கிடந்து சட்டி சுரண்டும் சத்தம் கேட்பேன். எனக்குப் பால் வற்றிவிட்டது. பெண் பிள்ளை. பத்தொன்பது நாள் இருந்தது. முப்பதாம் நாள் பேர் வைக்கலாம் என்றிருந்தார்கள்.

பேச்சியக்காவோடு அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஆலங்குளத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். இருக்கட்டும்.

ஆவணி 14, வெள்ளி

இன்று மாடியில் பார்க்கக் கூடாததைப் பார்த்தேன்.

எட்டாம் டப்பாவிலும் பத்தாம் டப்பாவிலும் எறும்புகள் புழுவைத் தின்கின்றன. நாலு எறும்பு சுற்றி நின்று, தலையைக் குனிந்து, ஏதோ வேலை செய்கிற மாதிரி. நான் டப்பாவைத் தட்டினேன். விலகவில்லை.

போனில் கூப்பிட்டேன். "ஏளா, பிள்ளையத் திங்குதுளா!"

அவள் குரலில் ஒரு சந்தோஷம். "எத்தனாவது நாளு? ஒம்பதா? எந்த டப்பா? எழுதுங்க அத்தே. புழுவும் அதுகளுக்கு ஒரு சேமிப்புதான். கெட்ட காலத்துல திரும்ப எடுத்துக்கிடும்."

சேமிப்பாம்.

ஏழாம் டப்பாவில் ஒன்று மட்டும் ஒரு புழுவை வாயில் கவ்விக்கொண்டு அங்கும் இங்கும் அலைந்தது. தின்னவில்லை. மற்றதுகள் கிட்ட வந்தால் வேறு மூலைக்கு ஓடியது. அதன் வயிற்றில் ஒரு வெள்ளைப் பட்டைகூட இல்லை. மூலைக்கு மூலை எவ்வளவு நேரம் ஓடும்?

இறங்கி வந்து கருப்பட்டிக் காப்பி போட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு மறுபடியும் மேலே போனேன். மாடியில் காற்று நன்றாக இருக்கிறது.

ஆவணி 15, சனி

மொத்தச் சாவு பதினொன்று. ஏழாம் டப்பாவில் இல்லை.

ஆவணி 18, செவ்வாய்

சாவு பதினெட்டு. ஏழில் இல்லை. புழுவைக் கவ்விக்கொண்டு அலைந்தது இப்போது அதைக் கீழே வைத்துவிட்டு நக்கிக்கொண்டிருக்கிறது.

வெண்பாவின் சாப்பாட்டு டப்பாவில் பாதிச் சோறு திரும்பி வந்தது. அவளை ஒரு பாட்டம் திட்டினேன். அவள், "ஆச்சி, நீங்க காப்பிய மாடிலதான் குடிக்கியளா இப்பல்லாம்?" என்று கேட்டாள். தோசை மாவு பொங்கிவிட்டது, அதைக் கவனிக்கப் போனேன்.

ஆவணி 22, சனி

பிள்ளையார் சதுர்த்தி. நாற்பது கொழுக்கட்டை. தேங்காய்ப் பூரணம் கொஞ்சம் மிஞ்சியது. பிள்ளையாருக்குப் படைத்த நாளில் வீட்டில் எந்த உயிரும் பட்டினி கிடக்கக் கூடாது. எல்லா உயிருக்கும் கொடுக்கத்தான் நினைத்தேன். பன்னிரண்டுக்கும் கொடுத்தால் தெரிந்துவிடும்.

அவள் ஆறு கொழுக்கட்டை தின்றாள். "அத்தே, ஒங்க கைப்பக்குவம் எங்கம்மாவுக்கு வராது" என்றாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆவணி 25, செவ்வாய்

கல்லூரியிலிருந்து ஸ்டெல்லா என்கிற பெண் போன வாரம் வந்து ஒவ்வொரு டப்பாவிலும் ஐந்து எறும்பு எடுத்துப் போனாள். அதை உலர்த்தி எடை போட்டு, கொழுப்பைக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி எடை போடுவார்களாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த எறும்பு சேர்த்து வைத்தது. இன்று போன் வந்தது.

செல்வி கட்டிலில் இருந்தபடி ஒரு சத்தம் போட்டாள். கால் போச்சோ என்று ஓடினேன்.

"அத்தே! ஏழாம் டப்பால கொழுப்பு கரையவே இல்ல! புழுவும் அப்பிடியே இருக்கு. பதினஞ்சு நாளா ஒண்ணு சாகல! ஒரு கூட்டம் மட்டும் புழுவத் திங்காம, தானும் சாகாம, சேத்து வச்சத ஏதோ சிக்கனமா செலவழிக்கு அத்தே. இது யாருமே சொல்லாத சேதி!"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சுட்டது. நான், "அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுப்பில் பால் இல்லை.

ஆவணி 27, வியாழன்

வெண்பா மாடிக்கு வந்து டப்பாக்களை வரிசையாகப் பார்த்தாள்.

"ஆச்சி, ஏழாம் டப்பால மட்டும் எறும்பு ஏன் குண்டா இருக்கு?"

"அது நல்ல சாதி எறும்பு."

"எல்லாம் ஒரே புத்துல எடுத்ததுன்னு அம்மா சொன்னாங்களே?"

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டினேன். பொய் சொல்கிற வாய் எனக்கு இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

இன்று கொடுக்கவில்லை. எதை என்று இங்கே எழுதவும் இல்லை.

ஆவணி 28, வெள்ளி

கொடுத்தேன். பழக்கப்படுத்திவிட்டு நிறுத்தினால் அது இன்னும் பாவம்.

புரட்டாசி 1, செவ்வாய்

சாவு முப்பத்தொன்று. எட்டாம் டப்பாவில் ஒரு புழுகூட இல்லை. இடுக்கி பிடித்துக் கட்டைவிரல் மரத்துப்போயிருக்கிறது. ஏழில் இல்லை, இல்லை, இல்லை. இந்த வார்த்தையை எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது.

புரட்டாசி 4, வெள்ளி

முப்பதாம் நாள். எல்லா டப்பாவுக்கும் சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொன்னாள். மிச்சம் இருந்ததுகள் முண்டியடிக்கவில்லை. முதலில் வந்தது குடித்துவிட்டுத் திரும்பிப் போய், நடக்க முடியாமல் கிடந்ததற்கு வாயோடு வாய் வைத்தது. கிடந்தது மீசையால் தட்டிக் கேட்டது. கேட்க அதற்கு ஒரு கூச்சமும் இல்லை.

படியில் இறங்கும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

புரட்டாசி 5, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் செல்வி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். "ஏழாம் எண்" என்று வந்த இடத்தில் எல்லாம் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. மூன்று தடவை சொன்னாள். நாலாம் தடவை என்னால் முடியவில்லை.

"ஏளா, அதச் சொல்லாத."

"எத அத்தே?"

"ஏழாம் டப்பாவ. அதுக்கு நாந்தான் போட்டேன்."

"என்னத்தப் போட்டீங்க?"

"கருப்பட்டித் தண்ணி. சதுர்த்திக்குப் பூரணம்."

முதலில் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பயிருந்து?"

"பிள்ளையத் தின்ன அன்னையில இருந்து."

கையில் இருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். மறுபடி கலைத்து அடுக்கினாள். "எங்க சாருட்ட சொல்லிட்டேன் அத்தே. அவரு நாலு பேருட்ட சொல்லிட்டாரு. நீங்க சொல்லாமயே இருந்திருந்தா நான் அங்க போய் நின்னு…" முடிக்கவில்லை. "கொஞ்சம் வெளிய இருங்க அத்தே."

மத்தியானம் அவளுக்குப் பிடித்த சொதியும் இஞ்சித் துவையலும் வைத்துத் தட்டைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். மூன்று மணிக்குப் பார்த்தேன். தொடவில்லை. சோற்றின் மேல் சொதி ஆடை கட்டிக் காய்ந்திருந்தது.

அந்தத் தட்டை எடுத்து வந்து அடுப்படியில் வெகுநேரம் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆவணி பதின்மூன்றாம் தேதி நான் எழுதியது முழு உண்மை இல்லை. ஐம்பத்து நாலு வருஷமாக எல்லோரிடமும் சொன்னதும் முழு உண்மை இல்லை.

பேச்சியக்கா தின்றாள், நான் கிடந்தேன், அது சரி. ஆனால் பிள்ளைக்குப் பதின்மூன்றாம் நாளில் இருந்து, நான் பின்பக்கம் போகும்போது மாட்டுத் தொழுவத்துக் கூடைக்குக் கீழே ஒரு வாழையிலைத் துண்டில் இரண்டு உருண்டைச் சோறு இருந்தது. நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்தது. யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் சோற்றை அப்படி இறுக்கி உருட்டுகிறவள் அவள் ஒருத்திதான். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால், "அம்மா இல்லாதவ வந்து பெத்துப் போட்டா நாமதான் அள்ளிக் கொட்டணும்" என்று யாரிடமோ அவள் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அந்தச் சோறா எனக்கு வேண்டும்? எடுத்து மாட்டுக்குப் போட்டேன். ஒரு நாள் இல்லை. ஆறு நாள். அந்தக் கறவை மாடு என் கையைப் பார்த்ததும் தலையைத் தூக்கும்.

ஏழாம் நாள் பிள்ளை போயிற்று.

பேச்சியக்காவுக்கும் அப்போது கைப்பிள்ளை. அவளும் பால் கொடுக்கிறவள். அந்த வீட்டில் ஒரு பருக்கை அதிகம் வடிக்கவில்லை. அப்படியானால் அந்த இரண்டு உருண்டை யார் பங்கு? இதை நான் யோசித்ததே இல்லை என்று எழுத வந்தேன். யோசித்திருக்கிறேன். யோசித்துவிட்டு, அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வேன்.

இங்கே மாடு இல்லை. அந்தத் தட்டில் இருந்ததை நானே தின்றேன்.

புரட்டாசி 6, ஞாயிறு

சண்முகவேல் வந்தான். கேட்டான். குதித்தான். "ஒங்கள யாரும்மா போடச் சொன்னா? சும்மா எண்ணி எழுதத்தான சொன்னோம்? அவ பதினோரு வருசப் பாடு!"

செல்விதான், "நீங்க சும்மா இருங்க" என்றாள். காலையில் அவள் நோட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். "அத்தே, இங்க வாங்க. ஒவ்வொரு நாளாச் சொல்லுங்க. எத்தன சொட்டு, எத வச்சு, எந்த நேரம்?"

சொன்னேன். ஆவணி பதினாலு, தீக்குச்சி நுனியில் ஒரு சொட்டு. பதினைந்து, ஒரு சொட்டு. பதினாறு இல்லை, அன்று ஞாயிறு, சண்முகவேல் மாடியில் துணி காயப்போட்டான். பதினேழு, இரண்டு சொட்டு, முதல் சொட்டு பஞ்சில் விழுந்துவிட்டது. இருபத்திரண்டு, பூரணம், மிளகு அளவு, தேங்காய்ப்பூ இரண்டு. இருபத்தேழு இல்லை. இப்படி முப்பதாம் நாள்வரை. அவள் எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்திலும் நான் தடுமாறவில்லை.

"மத்த பதினொண்ணுல?"

"ஒரு சொட்டு இல்ல."

"சத்தியமா?"

"வெண்பா தலையில அடிச்சுச் சொல்லட்டா?"

"அதெல்லாம் வேண்டாம்." பேனாவை மூடினாள். "பால்காய்ப்புப் பந்தி வைகாசி இருவத்தேழு வியாழக்கிழமைங்கிறதையே ஞாவகம் வச்சிருக்கீய. இது மாறுமா?"

சிரிக்காமல்தான் சொன்னாள். அந்தத் தேதியை நான் அவளிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டின் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

நோட்டு அவளிடம் இருக்கிறது. இதை வெண்பாவின் பழைய கணக்கு நோட்டுத் தாளில் எழுதுகிறேன்.

புரட்டாசி 7, திங்கள்

பேசவில்லை. தட்டில் வைத்ததை மட்டும் சாப்பிட்டாள்.

புரட்டாசி 9, புதன்

ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். கைத்தாங்கலுக்கு ஸ்டெல்லா வந்தாள். ஏழாம் டப்பாவைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று சண்முகவேல் போனில் சொன்னானாம். இவள் மாட்டேன் என்றிருக்கிறாள்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மாடிப்படியைக் கழுவினேன்.

மூன்றரைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நான் கேட்கவில்லை.

"பதினொரு டப்பா வச்சுச் சொன்னேன். பன்னெண்டாவது எங்கன்னு கேட்டாங்க. எங்க அத்த சோறு போட்டுட்டாங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு அம்மா மட்டும் சிரிக்கல. எப்ப எவ்வளவு போட்டாங்கன்னு தெரியுமான்னாங்க. தேதியும் சொட்டும் எழுதுன தாளக் காமிச்சேன். தீக்குச்சி நுனிச் சொட்டுல ஒரு கூட்டமே புழுவ வளத்து நின்னுருக்குன்னா, அதையும் தனியா சேத்து எழுதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா பட்டினிக்கு இன்னொரு டப்பா புதுசா வச்சு முப்பது நாள் மறுபடி காட்டணும். கடைசியா அதுக்கு மட்டும் நாள் குடுத்திருக்காங்க."

"மறுபடியும் முப்பது நாளா?"

"ஆமா."

"யாரு எண்ணுவா?"

"கட்டப் பிரிச்சிருவாங்க. நானே எண்ணிக்கிடுவேன் அத்தே." மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் கதவு சாத்துகிற மாதிரி இருந்தது. சாத்தட்டும். இடம் மாறி இருந்தால் நான் ஐம்பது வருஷம் பேசியிருக்க மாட்டேன்.

புரட்டாசி 12, சனி

கட்டுப் பிரித்தாயிற்று. அவள் கால் ஒல்லியாக, தோல் உரிந்து, வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. கோலூன்றி நடக்கிறாள். நான் புறப்பட்டேன்.

வாசலில் வைத்துச் சில தாள்களை நீட்டினாள். நோட்டின் பின்பக்கத்தை ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்து, ஊசி நூலால் தைத்திருந்தாள்.

"முன்பக்கம் எனக்கு வேணும். இது ஒங்களுது."

"படிச்சியாளா?"

"கணக்குப் பாக்கும்போது பக்கம் திரும்பிருச்சு."

பிறகு ஒரு பொட்டலம் தந்தாள். வாழையிலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றியது. கோலைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் அவளே நின்று செய்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். இலை வழியாகச் சூடு தெரிந்தது.

"அஞ்சு இட்லி, பொடி தடவினது. அத்தே," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல், "இத மாட்டுக்குப் போட்டுறாதீங்க."

பொட்டலத்தைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டேன். வெண்பா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை வந்தாள்.

ஆலங்குளத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பேச்சியக்கா மகன் வீட்டுக்குப் போகிற தெரு தெரிந்தது. ஆறாவது வீடு. காய்கறிக்காரி ஒருத்தி பாதையை அடைத்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றேன். முழங்கால் மடங்கவில்லை. பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். முழங்கால்தான் காரணம் என்று எழுத மாட்டேன். ஒரே நாளில் எல்லாம் முடியாது.

மடியில் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். பொடியில் நல்லெண்ணெய் ஊறியிருந்தது. பஸ் புறப்பட்டுப் பாவூர்ச்சத்திரம் வருவதற்குள் தின்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது போன் அடித்தது.

"போய்ச் சேந்தாச்சா அத்தே?"

"ம்."

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்."

"மிச்சம்?"

"இல்ல," என்றேன். "அஞ்சும் தின்னுட்டேன்."